வேகப் போர் – 9: பன்னிரண்டுக்கு எதிராக ஒன்று

சென்ற வாரம் ஒரு விளம்பரத்தோடு நிறுத்தினோம். 2009 ஓகஸ்ட் 27ஆம் திகதி அமெரிக்காவின் வோல் ஸ்ட்ரீட் ஜேர்னலில் வந்த விளம்பரம் அது. ஒராக்கிள் தரவுத்தளம் சன் கம்பனியின் சேர்வர்களில் ஓடினால் ஐ.பி.எம். ஈடுகொடுக்க முடியாது என்று மார்தட்டியது. ஐ.பி.எம்.மின் எண்ணைத் தாராளமாகப் போட்டிருந்தார்கள்: நிமிடத்துக்கு 60 இலட்சம் கட்டளைகள். தங்கள் எண் எங்கே என்று தேடினால், ஒக்டோபர் 14 வரை பொறுத்திருக்கச் சொன்னார்கள்.

எதிராளியின் ஓட்டத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, மட்டையைத் தொடாமலே வெற்றி எங்களுக்கு என்று அறிவித்துவிட்டார்கள்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அந்த ஏப்ரலில்தான் சன் கம்பனியை 740 கோடி டொலருக்கு வாங்கப்போவதாக ஒராக்கிள் அறிவித்திருந்தது. ஐரோப்பிய ஆணையத்தின் அனுமதி இன்னும் வரவில்லை. சன் என்ன ஆகுமோ என்று பயந்த வாடிக்கையாளர்களை ஐ.பி.எம். தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. கப்பல் மூழ்கவில்லை என்று காட்ட ஒராக்கிளுக்கு உடனே ஒரு வெற்றி வேண்டியிருந்தது.

இலங்கையில் அப்போது போர் முடிந்து மூன்று மாதம். மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் யார் கண்ணிலும் அந்த விளம்பரம் பட்டிருக்க நியாயமில்லை. ஆனால் இன்று திருமலை வீதியில் ஏ.டி.எம். வரிசையில் நிற்கும் எவருக்கும் இந்தச் சண்டையில் பங்கு உண்டு. காசு கைக்கு வருமுன் எங்கோ ஒரு சேர்வரில் ஒரு தரவுத்தளம் கணக்கைக் கழித்து எழுதுகிறது. அந்தச் சேர்வரை வாங்கக் கையெழுத்திட்டவர் இப்படியான எண்களைப் பார்த்துத்தான் முடிவெடுத்திருப்பார்.

அந்த விளம்பரத்தைச் சாதாரண வாசகர் புரட்டிவிட்டுப் போயிருப்பார். ஒரு பேரவை மட்டும் எழுத்தெண்ணிப் படித்தது. ஒராக்கிளும் அதில் ஓர் அங்கத்தவர்!

* * *

அந்தப் பேரவை எங்கிருந்து வந்தது? அதற்கு 36 வருடம் பின்னே போக வேண்டும்.

1973. அமெரிக்காவில் ஒரு பெரிய வங்கி. 1,000 கிளைகள், 10,000 காசாளர்கள், ஒரு கோடி கணக்குகள். எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி, நெரிசல் நேரத்தில் விநாடிக்கு 100 பரிவர்த்தனை ஓட வேண்டும் என்று கேள்விப்பத்திரம் விட்டது. இரண்டு விலைகள் வந்தன. பெரிய கணினிக் கம்பனி 250 இலட்சம் டொலர் கேட்டது. சிறுகணினிக் கம்பனி 50 இலட்சம் டொலர் கேட்டது. வேலை ஒன்று, விலையில் ஐந்து மடங்கு வித்தியாசம். வங்கி சிறியதை எடுத்தது. அது ஓடவும் செய்தது.

இதை மனதில் வைத்திருந்தவர் ஜிம் கிரே. தரவுத்தளப் பரிவர்த்தனை என்ற துறைக்கே அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். 1998இல் டியூரிங் விருது பெற்றவர். 1985இல் டான்டெம் என்ற கணினிக் கம்பனியில் இருந்தார். ஆளுக்கொரு அளவுகோலை வைத்துக்கொண்டு கணினிக் கம்பனிகள் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்வது அவருக்குப் பொறுக்கவில்லை. அந்த வங்கியின் கதையைப் பிழிந்து ஒரு சோதனையாக்கினார். ஒருவர் காசு போடுகிறார் அல்லது எடுக்கிறார். அவரது கணக்கு, காசாளரின் இருப்பு, கிளையின் இருப்பு மூன்றும் மாற வேண்டும். வரலாற்றுப் பதிவில் ஒரு வரி சேர வேண்டும். நூற்றுக்கு 95 பரிவர்த்தனை ஒரு விநாடிக்குள் முடிய வேண்டும். கூடவே விலையையும் சொல்ல வேண்டும்: இயந்திரம், மென்பொருள், ஐந்து வருடப் பராமரிப்பு எல்லாம் சேர்த்து.

வரைவை நண்பர்களுக்கு அனுப்பித் திருத்தம் வாங்கினார். டான்டெம் பெயரில் போட்டால் டான்டெமின் விளம்பரம் என்பார்கள். ஆகவே 1985 ஏப்ரல் முதலாம் திகதி, டேட்டாமேஷன் சஞ்சிகையில் அது பெயரில்லாக் கட்டுரையாக வெளிவந்தது. முட்டாள்கள் தினம் வேறு. ஆனால் அதை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த நாட்களில் மட்டக்களப்பு வங்கிகளில் வைப்புப் புத்தகத்தில் பேனையால்தான் வரவு எழுதினார்கள் என்பது மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

கம்பனிகள் கிரேயின் சோதனையை ஆர்வமாக எடுத்துக்கொண்டன. எடுத்த கையோடு வெட்டவும் தொடங்கின. ஆட்கள் தட்டச்சிடும் முனையங்கள் வேண்டாம், இடையில் வரும் வலையமைப்பு வேண்டாம், ஆள் யோசிக்கும் நேரமும் வேண்டாம் என்று கழித்துவிட்டு, பரிவர்த்தனைகளைக் கணினிக்குள்ளேயே கட்டுக்கட்டாக ஊட்டினார்கள். எண் பலமடங்கு எகிறியது. பெயர் மட்டும் பழைய பெயர்.

இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஆய்வாளர் ஓம்ரி செர்லின் எட்டுக் கம்பனிகளை ஒரு மேசையில் உட்கார்த்தினார். 1988 ஓகஸ்ட் 10ஆம் திகதி டி.பி.சி. பிறந்தது: பரிவர்த்தனை வேகத்தை அளக்க விதி எழுதும் பேரவை. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் தொடங்கி அப்போது இரண்டு வருடம்கூட ஆகவில்லை. முதல் விதிநூல் டி.பி.சி.-ஏ 1989 நவம்பரில் வந்தது. எண்ணைச் சொன்னால் முழு விபரத்தையும் வெளியிட வேண்டும். அடுத்த வருடம் வந்த முதல் எண் விநாடிக்கு 33 பரிவர்த்தனை, ஒவ்வொன்றுக்கும் 25,500 டொலர். அந்தச் சோதனையின் உச்ச எண் 3,692, ஒவ்வொன்றுக்கும் 4,873 டொலர். நாலைந்து வருடத்தில் நடந்தது இது.

விதி வந்தால் விதிக்குள் சந்தும் வரும். 1993இல் ஸ்டாண்டிஷ் குழு ஒராக்கிள் மீது ஒரு குற்றச்சாட்டு வைத்தது. ஒராக்கிள் 7இல் ஒரு சிறப்பு வசதி இருக்கிறது. வாடிக்கையாளர் எவரும் அதைத் தொடப்போவதில்லை. சோதனையில் எண்ணைக் கூட்டுவதற்காகவே அது செய்யப்பட்டது என்றது. எந்த விதியை மீறினோம் என்று காட்டுங்கள் என்றது ஒராக்கிள். காட்ட முடியவில்லை, ஏனென்றால் அப்படியொரு விதியே இல்லை! பிறகுதான் சோதனைக்கென்றே செய்யப்பட்ட வசதிகளுக்குத் தடை எழுதினார்கள்.

அதே ஒராக்கிள், பதினாறு வருடம் கழித்து, மறுபடியும் அதே பேரவையின் முன் நிற்கிறது. இந்த முறை விதி இருந்தது.

* * *

டி.பி.சி.யின் விதி இதுதான்: பேரவையில் பதிவாகாத எண்ணை வைத்து ஒப்பிட்டு விளம்பரம் செய்யக்கூடாது. செப்டெம்பரில் தீர்ப்பு வந்தது. 10,000 டொலர் தண்டம்; விளம்பரத்தை நிறுத்த வேண்டும். அந்த விளம்பரத்துக்குச் செலவான காசோடு வைத்துப் பார்த்தால் தண்டம் சில்லறை. மானம்தான் போனது.

ஆனால் ஒக்டோபர் 11ஆம் திகதி எண் வந்தே விட்டது.

சன் – ஒராக்கிள்: நிமிடத்துக்கு 76,46,486 கட்டளைகள்.
ஐ.பி.எம். (2008 ஜூனில் பதிந்தது): நிமிடத்துக்கு 60,85,166.

சோதனையின் பெயர் டி.பி.சி.-சி. 1992இல் வந்தது. இதில் வங்கிக்குப் பதிலாக ஒரு மொத்த வியாபாரி. அவருக்குப் பல களஞ்சியங்கள். புதிய கட்டளை, பணம் செலுத்தல், கட்டளை நிலை, விநியோகம், கையிருப்பு என ஐந்து வகை வேலைகள் கலந்து ஓடும்; அவற்றில் புதிய கட்டளைகளை மட்டும் எண்ணுவார்கள். கெட்டித்தனமான ஒரு பூட்டும் உண்டு: ஒரு களஞ்சியத்தில் நிமிடத்துக்கு 12.86 கட்டளைக்கு மேல் எடுக்க முடியாதபடி ஆட்கள் யோசிக்கும் நேரத்தை விதியில் கட்டிவிட்டார்கள். சின்னத் தரவை நினைவகத்தில் வைத்துக்கொண்டு பெரிய எண் காட்ட வழியில்லை. 76 இலட்சம் வேண்டுமென்றால் ஆறு இலட்சம் களஞ்சியங்களுக்குக் கிட்டத் தரவு வைத்திருக்க வேண்டும்.

ஆக, விளம்பரம் சொன்னது உண்மை. முந்திக்கொண்டு சொன்னதுதான் குற்றம். நூற்றுக்கு 26 கூடுதல். ஒராக்கிள் வென்றது, கதை முடிந்தது என்றுதான் அன்றைக்குப் பலரும் நினைத்தார்கள்.

ஐ.பி.எம். முழு விபர அறிக்கையைப் புரட்டியது. அதில் இருந்த இன்னொரு எண் ஆட்டத்தையே மாற்றியது.

* * *

சன்னின் பக்கம் நின்றவை பன்னிரண்டு சேர்வர்கள். டி5440 என்ற மாதிரி. ஒவ்வொன்றிலும் நான்கு புரொசெசர். ஒவ்வொரு புரொசெசரிலும் எட்டுக் கோர். மொத்தம் 48 புரொசெசர், 384 கோர். வேகம் 1.6 கிகாஹேர்ட்ஸ்.

ஐ.பி.எம்.மின் பக்கம் நின்றது ஒன்றே ஒன்று. பவர் 595. 32 புரொசெசர், 64 கோர், 5 கிகாஹேர்ட்ஸ்.

இப்போது வகுத்துப் பாருங்கள். முழுத் தொகுதியைப் பார்த்தால் சன் முன்னே. புரொசெசர் ஒன்றுக்குப் பார்த்தால் ஐ.பி.எம். 1,90,161, சன் 1,59,302, ஐ.பி.எம். முன்னே. கோர் ஒன்றுக்குப் பார்த்தால் ஐ.பி.எம். 95,081, சன் 19,913. ஏறக்குறைய ஐந்து மடங்கு! விலையால் வகுத்தால் ஒரு கட்டளைக்குச் சன் 2.36 டொலர், ஐ.பி.எம். 2.81 டொலர், மறுபடியும் சன் முன்னே.

படுவான்கரையில் சூடடித்து முடிந்த களவெட்டியில் இரண்டு போடிமார் வாதாடுவதைக் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல. ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பார் ஒருவர். விதைத்த புசலுக்கு எத்தனை என்பார் மற்றவர். பசளைக்குக் கொட்டிய காசை யார் எண்ணுவது என்று கேட்பார் பக்கத்தில் நிற்கும் முல்லைக்காரர். வட்டை ஒன்று, நெல் ஒன்று. எதால் வகுக்கிறோம் என்பதில்தான் வெற்றி மாறுகிறது.

எதால் வகுப்பது சரி? என் அபிப்பிராயம்: உங்கள் சட்டைப்பையைக் கடிப்பது எதுவோ, அதால். ஒராக்கிள் உரிமக் கட்டணத்தைக் கோர் எண்ணிக்கையில்தான் கணக்கிடும்; எந்த வகைக் கோரை எந்தப் பெருக்கெண்ணால் பெருக்குவது என்ற அட்டவணையையும் அதுவே வெளியிடும். ஆகவே உரிமம் வாங்குபவருக்குக் கோர்க் கணக்கு உயிர்க் கணக்கு. இலவசத் தரவுத்தளம் ஓட்டுபவருக்கு அதில் ஒன்றுமில்லை. அவருக்கு இயந்திரத்தின் விலையும் மின்கட்டணமும்தான் கணக்கு. இரண்டு தொகுதிகளின் மொத்த விலையும் 170, 180 இலட்சம் டொலர் அளவில் இருந்தன என்பதையும் மறக்க வேண்டாம். அன்றைய இலங்கைக் காசில் சுமார் 200 கோடி ரூபாய். மட்டக்களப்பில் யாரும் அதை விலைக்குக் கேட்கப்போவதில்லை.

சரி, புரொசெசரில் எது வேகம்? இந்த இரண்டு எண்களை வைத்து அதைச் சொல்லவே முடியாது. சன் ஃபிளாஷ் சேமிப்பில் தரவை வைத்தது, ஐ.பி.எம். சுழலும் தட்டுகளில். ஒன்று ஒராக்கிள் தரவுத்தளம், மற்றது டி.பி.2. ஒன்று சோலாரிஸ்; மற்றது ஏ.ஐ.எக்ஸ். ஒன்று பதினாறு மாதம் புதியது, மற்றது பழையது. பன்னிரண்டு பெட்டிக்குப் பிரித்துக் கொடுக்க இந்தச் சோதனை நன்றாக வளைந்துகொடுக்கும், ஏனென்றால் கட்டளையில் வரும் பொருள்களில் நூற்றுக்கு ஒன்றுதான் வேறு களஞ்சியத்திலிருந்து வரும். உங்கள் நிறுவனத்தின் தரவு அவ்வளவு ஒழுங்காகப் பிரியும் என்று யார் உத்தரவாதம் தருவார்? புரொசெசரை ஒப்பிட வேண்டுமானால் மற்ற எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து அதை மட்டும் மாற்ற வேண்டும். 200 கோடி ரூபாய்ச் சண்டையில் அதை மட்டும் யாரும் செய்யவில்லை.

அப்படியானால் நாமே அளந்து பார்த்து ஊருக்குச் சொல்லிவிடலாமே?

அங்கேதான் சட்டம் குறுக்கே நிற்கிறது.

* * *

1983இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டினா பிட்டன், டேவிட் டெவிட், கரோலின் டர்பிஃபில் ஆகிய மூவரும் தரவுத்தளங்களை வரிசையாக நிறுத்தி அளந்தார்கள். வணிக இங்ரெஸ், பல்கலைக்கழக இங்ரெஸ், ஒராக்கிள், தரவுத்தளத்துக்கென்றே செய்யப்பட்ட ஓர் இயந்திரம் என்று பெயர் சொல்லியே வெளியிட்டார்கள். ஒராக்கிளின் எண்கள் பார்க்கச் சகிக்கவில்லை. ஒராக்கிள் தலைவர் லாரி எலிசன் பல்கலைக்கழகத் துறைத் தலைவரைத் தொலைபேசியில் பிடித்து டெவிட்டை வேலையிலிருந்து நீக்கச் சொன்னார் என்று சொல்லப்படுகிறது. டெவிட்டின் வேலை போகவில்லை. ஆனால் ஒராக்கிளின் உரிம ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் ஏறியது: எழுத்தில் அனுமதி பெறாமல் அளவீட்டு முடிவை வெளியிடக்கூடாது. மற்றக் கம்பனிகளும் அதைப் பின்பற்றின. இன்றும் அதை டெவிட் பெயரால்தான் சொல்கிறார்கள். அளந்ததற்கு அவருக்குக் கிடைத்த பட்டம் அது.

அந்த வாசகம் இல்லாத தரவுத்தளமும் உண்டு. போஸ்ட்கிரெஸ். அதோடு பி.ஜி.பெஞ்ச் என்ற அளவுகோல் இலவசமாக வருகிறது. ஜப்பானியரான தட்சுவோ இஷி எழுதியது. வந்தாறுமூலையிலோ களுவாஞ்சிக்குடியிலோ ஒரு பழைய மடிகணினியில் அதை ஓட்டிப் பாருங்கள். முதலில் அது உருவாக்குவது என்ன தெரியுமா? ஒரு கிளை, பத்துக் காசாளர், ஒரு இலட்சம் கணக்குகள். 1973ஆம் ஆண்டின் அந்த வங்கிதான்! முனையங்களை வெட்டியெறிந்த வடிவம் என்பது உண்மைதான். கிரே பார்த்திருந்தால் முகம் சுளித்திருப்பார்.

இதிலும் பொறி இருக்கிறது. கிளை ஒன்று மட்டுமே இருந்தால், எல்லாப் பரிவர்த்தனையும் அந்த ஒரு கிளையின் இருப்பை மாற்ற வரிசையில் நிற்கும். 8 கோரை எடுத்து 64 கோர் போட்டாலும் வரிசை வேகமாக நகராது. புதிய புரொசெசர் பயனில்லை என்று எழுதிவிடுவீர்கள். நீங்கள் அளந்தது வரிசையை. எத்தனை இணைப்புகளோ குறைந்தது அத்தனை கிளைகளாவது வேண்டும்.

அடுத்த பொறி, எழுதியதைத் தட்டில் உறுதிப்படுத்தும் அமைப்பு. நிமிடத்துக்கு 7,200 தரம் சுழலும் தட்டு விநாடிக்கு 120 சுற்றுத்தான் சுற்றும். அதில் ஒரே இணைப்பு விநாடிக்கு ஆயிரக்கணக்கான பரிவர்த்தனையை முடித்தேன் என்றால், தட்டுக்குப் போகாமலே போய்விட்டதாக யாரோ பொய் சொல்கிறார்கள். அந்த உறுதிப்படுத்தலை அணைத்துவிட்டால் எண் அழகாக ஏறும். 2022இல் நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் கரண்ட் போன ஊர்க்காரருக்கு, அணைத்தால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

மூன்றாவது, நேரம். முதல் நிமிடத்தில் தரவு நினைவகத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும். புரொசெசர் குளிர்ந்த நிலையில் துள்ளிப் பாயும், சூடேறியதும் தணியும். பத்து விநாடி ஓட்டிய எண்ணை நம்பாதீர்கள். ஒரு இயந்திரத்தில் பதினாறு ஜி.பி. நினைவகமும் மற்றதில் எட்டும் இருந்தால், தரவு ஒன்றில் அடங்கி மற்றதில் வழிந்தால், அந்த ஒப்பீட்டைக் குப்பையில் போடுங்கள். சோதனையை ஏவும் நிரலையும் அதே இயந்திரத்தில் ஓட்டினால் அதுவும் புரொசெசரில் பங்கு கேட்கும்.

ஜிம் கிரே இந்தக் கதையின் 2009ஆம் ஆண்டுப் பகுதியைப் பார்க்கவில்லை. 2007 ஜனவரி 28ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தன் பாய்மரப் படகில் தனியே கடலுக்குப் போனார், தாயாரின் அஸ்தியைக் கரைக்க. திரும்பவில்லை. செய்மதிப் படங்களைக் கூறு கூறாகப் பிரித்து ஆயிரக்கணக்கானோர் கணினித் திரைகளில் தேடினார்கள். படகின் ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை.

* * *

இதுவரை பார்த்த தில்லுமுல்லுகள் எல்லாம் தரவுத்தளத்திலோ, விளம்பரத்திலோ, வகுத்தலிலோ இருந்தன. புரொசெசர் பாவம், சும்மா இருந்தது. 2024 பெப்ரவரியில் அதுவும் சந்திக்கு வந்தது. புரொசெசர்களை அளக்கும் சோதனைகளை எழுதும், 1988இல் தொடங்கிய ஸ்பெக் என்ற அமைப்பு, தன் பட்டியலில் இருந்த இன்டெல் சியோன் அளவீடுகளில் 2,600க்கு மேற்பட்டவை செல்லாது என்று குறிப்பு எழுதியது. புரொசெசரில் பிழை இல்லை. சோதனையில் பிழை இல்லை. இரண்டுக்கும் நடுவில் நின்று, நிரலைப் புரொசெசரின் மொழிக்கு மாற்றும் ஒரு கம்பைலர், தன் முன் வந்திருப்பது சோதனைத்தாள் என்று தெரிந்துவைத்திருந்தது.

அது எப்படித் தெரிந்துகொண்டது? அடுத்த வாரம்.